இடது கால் தூக்கினால் சிக்னல் இல்லை

போன வாரம் எனக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். சால்வை போட்டார்கள். நம் ஷெட்டிலேயே செய்த, ரிமோட்டில் பறக்கும் ஒரு சின்ன ஹெலிகாப்டரைப் பரிசாகக் கையில் கொடுத்தார்கள். பழக்க தோஷத்தில் அதன் மூக்கு மூடியைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினேன். உடனே மைக்கை நீட்டி, "ரெண்டு வார்த்த பேசுண்ணே" என்றார்கள். நான் பேசவில்லை. ஹெலிகாப்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, இடது காலை மடக்கித் தூக்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு இறங்கிப் போய் பஜ்ஜி தட்டோடு உட்கார்ந்துவிட்டேன்.

பழைய ஆட்கள் கைதட்டினார்கள். புதிதாக வந்தவர்கள் பயந்துவிட்டார்கள். மறுநாள் சர்வீஸ் பிரிவு சூப்பர்வைசர் கவிதா மேடம் போன் செய்தார்.

"இன்னாண்ணே, கால் மரத்துப்போச்சா? பசங்க வாதம்னு பேசிக்கினு இருக்குதுங்க."

"இல்ல மேடம்."

"அப்ப இன்னா?"

எனக்கு போனிலும் பேச வராது. எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். "எழுதுங்க. செவுத்துல ஒட்டியிருக்கிற டெஸ்ட் லிஸ்ட்ல மொத வரி எதுக்குன்னு எல்லாரும் கேக்குறாங்க. அதையும் சேத்து எழுதுங்க" என்றார். அந்த வரியும் இந்தக் காலும் ஒரே கதைதான். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தியிருக்கிறாள். மற்ற பிழைகள் என்னுடையவை.

சேரப்பணஞ்சேரி போகும் வழியில் இருந்த பழைய ஷெட்டுக்கு நான் பெருக்க வந்தவன். அதற்கு முன் ஒரகடத்தில் கம்பெனிகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பும் வேலையில் செங்கல் சுமந்தேன். ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டர் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே இங்கு வந்துதான் தெரியும். பெருக்கும்போது கிடைத்த திருகாணிகளைக் குப்பையில் கொட்டாமல் அளவு பார்த்து டப்பாக்களில் போட்டு வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு சர்வீஸ் பிரிவுக்குப் பெரியவரான சேவியர் சார் என்னைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டார். என் படிப்பு அவ்வளவுதான்.

ரேடியோ என்று நாங்கள் சொல்லும் அந்தக் காலத்து ரிமோட்டில் தூண்டில் கம்பு நீளத்துக்கு ஒரு ஏரியல் இருக்கும். ஒவ்வொரு ரிமோட்டுக்கும் ஒரு நம்பர். ஒரே நம்பரில் இரண்டு பேர் ஆன் செய்தால் ஹெலிகாப்டர் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் பைத்தியமாகிவிடும். அதற்காக நம்பருக்கு ஒரு துணி கிளிப் பலகையில் தொங்கும். கிளிப்பை எடுத்தவர்தான் ரிமோட்டை ஆன் செய்யலாம். ஒருநாள் முதலாளி தன் நம்பர் கிளிப்பை எடுத்தார். அதைச் சட்டையில் மாட்டாமல், பாதி தின்ற மிக்சர் பொட்டலம் நமுத்துவிடக் கூடாது என்று அதன் வாயில் மாட்டி மேசையில் வைத்துவிட்டுப் பறக்கவிடப் போனார். நான் மேசையைச் சுத்தம் செய்தேன். அதாவது மிக்சரைத் தின்றேன். கிளிப்பைத் துடைத்துப் பலகையில் மாட்டினேன். பின்னாலேயே வந்த ஒரு கஸ்டமர் அதே கிளிப்பை எடுத்து, முறைப்படி, தன் ரிமோட்டை ஆன் செய்தார். முதலாளியின் ஹெலிகாப்டர் இரண்டு தரம் குட்டிக்கரணம் போட்டு, எதிரே இருந்த டீக்கடையின் தகரக் கூரை மேல் உட்கார்ந்தது.

"கிளிப்ப யாருல மாட்டினா?" என்று சேவியர் சார் கேட்டார். அவர் தூத்துக்குடிக்காரர். இங்கே வந்து எத்தனையோ வருடமாகியும் அந்தப் பேச்சு மாறவில்லை. நான் தரையைப் பார்த்தேன். அவர் என் மீசையைப் பார்த்தார். மீசையில் ஓமப்பொடி இருந்தது.

அவர் திட்டவில்லை. "நீ சொல்லாம நின்னேன்னா நாங்க ரேடியோவத் திட்டுவோம்ல. ரேடியோ பாவம்ல" என்றார். அவ்வளவுதான்.

சேவியர் சாரின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். "சார், சிக்னல் போயிடுச்சி" என்று உடைந்த ஹெலிகாப்டரைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு யார் வந்தாலும், அவர் பையைத் தொடமாட்டார். "சிக்னல் போனதப் பாத்தியளா? எந்தப் பக்கமா போச்சு?" என்பார். வந்தவர் முழிப்பார். அவரை உட்கார வைத்து, டீ வரவழைத்து, மூன்று கேள்வி கேட்பார். நீங்கள் எங்கே நின்றீர்கள்? அப்போது அதன் மூக்கு எந்தப் பக்கம் பார்த்தது? விழுந்த பிறகு உள்ளே இருக்கும் சிவப்பு லைட் எரிந்துகொண்டே இருந்ததா, கண்ணடித்ததா?

கண்ணடித்தால் அது சிக்னல் கோளாறே இல்லை. பேட்டரி சோர்ந்து, ஹெலிகாப்டருக்குள் ரிமோட்டின் பேச்சைக் கேட்கும் ரிசீவர் நடுவானில் மயங்கி எழுந்திருக்கிறது. கண்ணடிக்காமல் எரிந்தால் கரண்ட் ஒழுங்கு, காதுதான் கேட்கவில்லை. காது என்று அவர் சொல்வது ரிசீவரிலிருந்து வரும் விரல் நீள ஒயரை. புது ரிமோட்டுகள் வந்த பிறகு நீள ஏரியல் போய் இந்தக் குட்டிக் காதுகள்தான். அதன் நுனி மட்டும்தான் கேட்கும். நுனிக்கு முன்னால் உலோகம் எதுவும் வரக் கூடாது. வந்தால் அந்தப் பக்கம் மட்டும் செவிடு.

ரிசீவரை மாற்றுவது அவருக்குக் கடைசி வேலை. "மாத்துனா ரிசீவரு போயிரும். கோளாறு அங்கனயே உக்காந்து புதுசுக்காகக் காத்துக்கிட்டு கெடக்கும்" என்பார்.

எல்லாம் பார்த்த பிறகு தூரச் சோதனை. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதன் பலம் குறைந்துவிடும். அப்படிக் குறைத்துவிட்டு முப்பது தப்படி தள்ளி நின்றும் ஹெலிகாப்டர் பேச்சைக் கேட்டால், முழுப் பலத்தில் வானத்திலும் கேட்கும். மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டு, ஹெலிகாப்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, மூக்கு, வலது, வால், இடது என்று நான்கு பக்கத்தையும் சாருக்குக் காட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். விசிறிக்கு அடியில் இருக்கும் தட்டு சார் சொன்னபடி ஆடுகிறதா என்று அண்ணாந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். இது சாரின் சட்டம்.

சிக்கல் என்னவென்றால், 'கேட்கவில்லை' என்று நான் முப்பது தப்படியிலிருந்து கத்த வேண்டும். எனக்குப் பக்கத்திலிருப்பவரிடமே சத்தம் வராது. இரண்டு கையிலும் ஹெலிகாப்டர். சார் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். "ஏல ஏழுமலை, கை ரெண்டும் வேலைல இருக்கு. வாயி லீவு. காலு சும்மாதான இருக்கு? கேக்கலன்னா இடது காலத் தூக்கு" என்றார்.

அன்றிலிருந்து படப்பை ரோட்டில் போன கம்பெனி பஸ்களுக்கெல்லாம், ஷெட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் ஹெலிகாப்டரைத் தலையில் தாங்கி ஒற்றைக் காலில் நிற்கும் மனிதனாக நான் தெரிந்தேன். ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் சிலர் ஜன்னல் வழியாகக் கும்பிட்டதும் உண்டு.

இப்போது அந்த முதல் வரிக்குக் காரணமான கேஸ்.

மணிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அங்கே கோயிலுக்குக் கும்பாபிஷேகம். பெரிய ஊர்களில் நிஜ ஹெலிகாப்டர் வந்து கோபுரத்தின் மேல் பூத்தூவும். இந்த ஊருக்கு அது கட்டுப்படியாகாது. நம் முதலாளி வேதாச்சலம் நேராகப் போய், "நம்ம கைல கீது ஹெலிகாப்டரு. சின்னது. ஆனா பூ நெஜப் பூ" என்று சொல்லி ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார்.

அது என் மனைவி வசந்தாவின் ஊர். அவள் தம்பி சங்கர் கார் கம்பெனியில் லைன் வேலை பார்க்கிறான். என்னை அவன் விடமாட்டான். "மாமா, எங்க கம்பெனில ரோபோ கீது. அதுகூட வேல முடிஞ்சா பீப்புன்னு ஒரு சத்தம் உடும். உனுக்கு அதுகூட வரமாட்டுது" என்பான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த ஊரில் நான் பேசிய மொத்தப் பேச்சு 'சாம்பார்', 'போதும்' இரண்டும்தான். வசந்தா இந்தத் தடவை ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்: "எங்க வூட்டுக்காரருதான் மேல பூ போடப் போறாரு."

இதற்கென்றே பெரிய ஹெலிகாப்டர் ஒன்று கட்டினோம். அடியில் பூப்பெட்டி. ரிமோட்டில் தட்டினால் அதன் கதவு திறக்கும். வலது, வால், இடது என்று மூன்று பக்கமும் காதுகள். மூக்குப் பக்கத்தை வலது இடது இரண்டு காதுமே கேட்டுக்கொள்ளும். பூவோடு சேர்த்தால் தண்ணீர்க் குடம் மாதிரி கனக்கும். வானத்தில் சிக்னல் போனால் அது கண்ட பக்கம் ஓடி யாரையும் வெட்டிவிடாமல் மோட்டார் தானாக நின்றுவிடும்படி வைத்திருந்தோம். நின்றால் என்ன ஆகும்? குடம் கீழே வரும். கீழே ஊர் இருக்கும். கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்தச் சொல்லியிருந்தோம். ஆனால் தீர்த்தம் தெளிக்கும்போது கயிறு என்ன செய்யும்?

காலி மனையில் ஒரு வாரம் பறக்கவிட்டுப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் பிற்பகல், கோயில் முன்னால் தூரச் சோதனை. பந்தல்காரர்கள், சமையல்காரர்கள், பாதி ஊர் சுற்றி நின்றது. சங்கர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

மூக்குப் பக்கம் கேட்டது. வலது பக்கம் திருப்பினேன். தட்டு ஆடவில்லை. காலைத் தூக்கினேன்.

"மாமா இன்னா கொக்கு மாதிரி நிக்கறாரு?" என்றான் சங்கர்.

ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வேண்டுதலு போல கீது. சிரிக்காதீங்கடா."

சார் வந்தார். சிவப்பு லைட் கண்ணடிக்கவில்லை. பேட்டரி முழுசாக இருந்தது. "நேத்து கேட்டுச்சு. இன்னிக்கு கேக்கல. நடுவுல என்ன மாறிச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். முதலாளி உடனே மைக்செட்டைக் காட்டினார். "அத நிறுத்துபா. அதான் இழுக்குது."

மைக்செட்காரர் மேசையிலிருந்து குதித்தே வந்துவிட்டார். "யோவ், என் செட்டு உன் பொம்மைய இன்னாயா பண்ணுச்சு? அம்மன் பாட்டு போட்டா ஹெலிகாப்டருக்குக் காது கேக்காதா?"

நிறுத்தினார்கள். கேட்கவில்லை. சீரியல் லைட்டை அணைத்தார்கள். கேட்கவில்லை. சார் ஹெலிகாப்டரை வண்டியில் ஏற்றி, ஏரிக்கரையைத் தாண்டி வெறும் வயலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஊரும் பின்னாலேயே வந்தது. மைக்செட்காரர், தன் செட்டின் மானத்தைக் காப்பாற்ற, பேட்டரியில் ஓடும் ஒரு மைக்கையும் விளம்பரம் செய்யும் ஆட்டோவையும் எடுத்துக்கொண்டு வந்தார். அங்கேயும் வலது பக்கம் கேட்கவில்லை.

"அப்ப கோளாறு ஊர்ல இல்ல. நம்ம கூடவே வருது" என்றார் சார். மூக்கு மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம், வலது காதுக்கு நேராக, இரண்டு பக்கம் ஒட்டும் டேப் போட்டு ஒட்டிய செப்புத் தகடு. கட்டம் போட்டு எழுத்து வெட்டிய யந்திரத் தகடு.

முதலாளி தொண்டையைச் செருமினார். "காலைலதான் வச்சேன் சேவியரு. உழக்கூடாதுன்னு பூஜ பண்ணி எடுத்தாந்தது."

"நல்லதுதான் மொதலாளி. ஆனா காதுல வச்சிட்டியளே. கூப்புட்டா எப்பிடிக் கேக்கும்?"

தகட்டை முதலாளி தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுபடி சோதனை. வலது கேட்டது. வால் பக்கம் திருப்பினேன். தட்டு அசையவில்லை. காலைத் தூக்கினேன். கூட்டத்தில் "கோவிந்தா" என்று யாரோ சொன்னார்கள்.

சேவியர் சார் முகம் ஒரு மாதிரி ஆனது. "ஏழுமலை, போயி எனக்கொரு டீ வாங்கிட்டு வா" என்றார். வயலுக்கு நடுவில் டீக்கு எங்கே போவது? நான் பத்து அடி போய்த் திரும்பிப் பார்த்தேன். சார் வால் காதுக்கு அடியிலிருந்து பளபளவென்று சின்னதாக எதையோ உருவித் தன் பையில் போட்டார். "டீ வேணாம், வா. இப்பப் பாரு" என்றார். கேட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் வராது.

மிச்சம் இடது பக்கம் ஒன்றுதான். அதைத் திருப்பும்போதுதான் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது.

அன்றைக்குக் காலையில் வசந்தா, அவள் குலதெய்வக் கோயில் விபூதியைப் பொட்டலம் கட்டி, "இந்தா, இத அந்த மிஷின்ல எங்கியாவது செருகிடு. எங்கூர்ல மானம் போவக்கூடாது" என்று கொடுத்திருந்தாள். நான் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு காலி இடத்தில், பத்திரமாகச் செருகினேன். அது இடது காதுக்கு முன்னால்தான். விபூதி ஒன்றும் செய்யாது. ஆனால் அவள் மடித்துக் கொடுத்தது பிஸ்கட் பாக்கெட்டின் உள்ளே இருக்கும் வெள்ளித் தாளில். யாரைவிடவும் எனக்குத்தான் அது தெரிந்திருக்க வேண்டும். காலையில் அதைச் செருகிய கை சர்வீஸ் பிரிவின் கையில்லை, மாப்பிள்ளையின் கை.

தட்டு ஆடவில்லை. காலைத் தூக்கினேன்.

சார் வந்து எல்லாக் காதையும் தொட்டுப் பார்த்தார். பெட்டி ஓரம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. முதன்முறையாக அவர் வாயிலிருந்து, "ரிசீவர மாத்திப் பாப்பமா?" என்ற வார்த்தை வந்தது. வேறு ரிசீவர் ஷெட்டில் இருந்தது. முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

"உடு சேவியரு. மூணு பக்கம் ஓகே. இடது பக்கம் நம்ம பக்கம் திரும்பாம ஓட்டிட்டா ஆச்சு. சொல்லப்போனா சாமியே ஒரு பக்கம்தான் பாக்குது."

"காத்தடிச்சா திரும்பிருமே மொதலாளி."

"கும்பாபிஷேகத்துல காத்தடிக்காது."

ஊர்ப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். சரி என்று முடிவாகிவிட்டது. நான் இன்னும் ஒற்றைக் காலில்தான் நின்றேன். இறக்கத் தோன்றவில்லை. நாளைக்கு இதே இடது பக்கம் திரும்பும். மோட்டார் நிற்கும். அடியில் வசந்தா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். ரேடியோவைத் திட்டுவார்கள்.

"அவருக்கு சாமி வந்துடுச்சுடா! கால எறக்கவே மாட்றாரு பாரு!" என்றாள் அந்தக் கிழவி. யாரோ ஓடிவந்து என் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். ஒருவர் கற்பூரம் தேடினார்.

"அருள்வாக்கு சொல்லு சாமி!"

மைக்செட்காரர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி மைக்கை என் வாயருகே நீட்டினார். "சொல்லு சாமி! தப்பு என் செட்டு மேலயா? ஊருக்கே கேக்கட்டும்!"

நான் வாயைத் திறந்தேன். என் குரல் ஆட்டோ மேலிருந்த குழாயில் போய், ஏரியைத் தாண்டிப் போனது.

"அது... என் விபூதி."

யாருக்கும் புரியவில்லை. சிலர் கும்பிட்டார்கள். "இன்னும் சொல்லு சாமி" என்றார்கள்.

"பெட்டிக்குப் பக்கத்துல கீது. பிஸ்கட் பேப்பர்ல கட்டியிருக்கேன். நான்தான் வச்சேன். காதை அடைக்குது. நாளைக்கு உழுந்துடும். எடுத்துடுங்க."

சார் கையை விட்டு எடுத்தார். வெள்ளித் தாள் வெயிலில் மின்னியது. முதலாளி என் மேல் பாயப் போனார். சார் அவரை நிறுத்தி, மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஏழுமலைய மட்டும் வைய வேண்டாம். வாலுப் பக்கத்துக்காரன் நானு." பையிலிருந்து ஒரு மாதா மெடலை எடுத்துக் காட்டினார். "விழுந்திரக் கூடாதுன்னு எனக்கும் பயந்தான்."

முதலாளி தன் தகட்டையும் எடுத்து, மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். "அடப்பாவிங்களா! ஆளுக்கொரு பக்கம் பங்கு போட்டுக்கினு சாமிய வச்சா, ஹெலிகாப்டரு எவன் பேச்சத்தான் கேக்கும்!"

"மூக்குப் பக்கம் யாரும் வைக்கலியா?" என்று கேட்டான் சங்கர்.

கடைசியாக ஒரு சோதனை. இடது பக்கம் கேட்டது. காலை இறக்கினேன். மரத்துப்போயிருந்ததால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கவிதா மேடம் போனில் கேட்டது அந்த ஒரு நாளைக்குப் பொருந்தும்.

மறுநாள் கும்பாபிஷேகத்தில் நன்றாகவே காற்றடித்தது. ஹெலிகாப்டர் கோபுரத்துக்கு மேலே போய் மூன்று தரம் தன் இடது பக்கத்தை எங்களுக்குக் காட்டித் திரும்பியது. தட்டு பேச்சைக் கேட்டது. பூக் கதவு திறந்தது. காற்று பூவையெல்லாம் தள்ளிக்கொண்டு போய் முக்கால்வாசியை மைக்செட்டின் மேல் கொட்டியது. அவர் அதை நியாயமான தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டார். கீழே எங்கள் மூன்று பேர் சட்டைப் பையிலும் தகடு, மெடல், விபூதி இருந்தன. பந்தியில் சங்கர் எனக்கு இலை போட்டு, "மாமா, சாம்பாரா, ரசமா? மைக்க எடுத்தாறட்டா?" என்றான். வசந்தா, "அவரு பேசினது ஏரிக்கு அந்தாண்ட வரிக்கும் கேட்டுச்சாம். உங்க ரோபோ பேசுமா?" என்றாள்.

திங்கட்கிழமை சார் சோதனைப் பட்டியலைப் புதிதாக எழுதி ஒட்டினார். அதன் முதல் வரிதான் நீங்கள் கேட்டது: 'மிஷினில் உள்ள சாமிகளை எல்லாம் இறக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவும்.' அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் அந்த வரியை யாரும் எடுக்கவில்லை. இப்போது ரிமோட்டே 'பீப்' என்று சத்தம் போட்டுச் சொல்லிவிடுகிறது, யாரும் காலைத் தூக்க வேண்டியதில்லை. அதனால் அந்த வரி எதற்கென்று இப்போது யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

கவிதா மேடம், மேடையில் நான் காலைத் தூக்கியது வெட்கத்தால் இல்லை. வெட்கம் எப்போதும் இருப்பது. எனக்குப் பரிசாகக் கொடுத்த ஹெலிகாப்டரின் மூக்கு மூடிக்குள், வலது காதுக்கு நேராக, ஒரு பித்தளை வேல் ஒட்டியிருந்தது. மூடியின் இடது பக்கத்தில் வெள்ளித் தாளில் ஒரு பொட்டலம். என்னை நல்லபடியாக அனுப்ப வேண்டும் என்று இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்திருக்கிறீர்கள். யார் என்று கேட்கமாட்டேன். மைக்கில் சொல்ல எனக்கு வரவில்லை, எழுத்தில் சொல்லிவிட்டேன்.

இரண்டும் என் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கின்றன. வந்து வாங்கிக்கொள்ளலாம். டீ உண்டு. ஹெலிகாப்டர் நான்கு பக்கமும் நன்றாகக் கேட்கிறது.